சிறுமலைக்கு எந்தத் துப்பாக்கி?

அமெரிக்காவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திண்டுக்கல்லுக்கே திரும்பிவிட்ட என் அக்கா மகன் போன மார்கழியில் என்னோடு சிறுமலைக்கு வந்தான். சோதனைச்சாவடியைத் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியிருப்போம். சாலையோரத்தில் ஒரு ஒத்தை மாடு நின்றது. காட்டுமாடு. வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்தோம். அது எங்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு உடம்பைத் திருப்பி, அவ்வளவு பெரிய உருவம் எப்படி நுழைந்தது என்று தெரியாதபடி உண்ணிச்செடிப் புதருக்குள் இறங்கிப் போய்விட்டது.

“மாமா, நடந்து வரும்போது இது எதிர்ல வந்தா என்ன பண்றது? லைசென்ஸ் எடுத்து ஒரு கைத்துப்பாக்கி வச்சுக்கலாம்னு இருக்கேன். எது நல்லா இருக்கும், கேட்டுச் சொல்லுங்க.”

“விசாரிச்சுச் சொல்றேன் மாப்ள” என்றேன். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவன் இருந்த ஊரில் மலையேறப் போகிறவர்கள் தண்ணீர்ப் புட்டியைப் போலவே துப்பாக்கியையும் எடுத்துப் போவார்கள். 2010 பிப்ரவரியிலிருந்து அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள்ளும், அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு, துப்பாக்கியோடு போகலாம். கரடிக்கு எந்தக் குண்டு, எத்தனை அங்குலக் குழல், இடுப்பில் கட்டுவதா மார்பில் கட்டுவதா என்று அங்கே பெரிய இலக்கியமே உண்டு. அதே கேள்வியை நம் மலைக்குக் கொண்டுவந்து கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்று பல மாதம் தேடினேன். சட்டத்தைப் படித்தேன், குண்டின் கணக்கைப் பார்த்தேன், மலையில் நடந்தே பிழைப்பவர்களிடம் கேட்டேன். மூன்றும் ஒரே பக்கம்தான் கைகாட்டின. சிறுமலைக்கோ பழனி மலைக்கோ கொண்டுபோகத் தகுந்த கைத்துப்பாக்கி என்று ஒன்று இல்லை.

துப்பாக்கி திண்டுக்கல்லுக்குப் புதிய பொருள் அல்ல. இன்று பூட்டுக்குப் பெயர்போன இந்த ஊரில் ஒரு காலத்தில் பீரங்கிப் படையே திரட்டப்பட்டது. மைசூர் அரசு 1755இல் ஹைதர் அலியை இங்கே ஃபௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, அனுப்பியது. பாறைக்கோட்டை நாயக்கர் காலத்தது. ஹைதர் அங்கே பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் கைவினைஞர்களை அமர்த்தி ஆயுதச் சாலையும் பீரங்கிப் படையும் உண்டாக்கினார். பின்னாளில் கிழக்கிந்தியக் கும்பினியை நடுங்க வைத்த மைசூர்ப் படையின் அடித்தளங்களில் ஒன்று நம் ஊர்ப் பாறைமேல் போடப்பட்டது என்பதை இங்கே பலர் அறிவதில்லை.

அடுத்த அரை நூற்றாண்டில் எல்லாம் தலைகீழானது. 1792இல் திண்டுக்கல் கும்பினியின் கைக்குப் போனது. விருப்பாச்சி கோபால் நாயக்கர் பாளையக்காரர்களை ஒன்று திரட்டினார். 1801இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்படும், குடிகள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். வேல், வாள், துப்பாக்கி எல்லாம் ஒரே வீச்சில் வீடுகளிலிருந்து பறிக்கப்பட்டன. விருப்பாச்சியை இன்று மலைவாழைப்பழத்துக்காக நினைக்கிறோம். ஆயுதம் பறிக்கப்பட்ட மண் அது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அதன்பின் 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும் என்று நாடு முழுமைக்கும் விதித்த சட்டம் அது. குடகு மக்களுக்கு விலக்கு கிடைத்தது. அந்த விலக்கு இன்றும் ஒரு வடிவில் நீடிக்கிறது. 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தன் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் சேர்த்தது. அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டபோது அந்த உரிமை அதில் இடம்பெறவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தியது. ஆனால் அடித்தளம் மாறவில்லை. துப்பாக்கி இங்கே அரசு தரும் அனுமதி, பிறப்போடு வரும் உரிமை அன்று. என் மருமகன் வாழ்ந்த நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் உள்ள முதல் வேற்றுமை இதில்தான் இருக்கிறது.

அந்த அனுமதியின் வரிகளுக்குள் உழவனின் குரல் ஒன்று கேட்கிறது. சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்காகக் குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவரிடமும், 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழலுள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ கேட்பவரிடமும் இளகிப் பேசுகிறது. மற்றத் துப்பாக்கிகளுக்குத் தக்க காரணம் இருக்கிறது என்று உரிமம் வழங்கும் அதிகாரி நம்ப வேண்டும். கைத்துப்பாக்கி இந்த ‘மற்ற’ வகையில் வருகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு, காவல் துறை விசாரணை, 2016ஆம் ஆண்டு விதிகள் கேட்கும் பயிற்சிச் சான்று என்று படிகள் நீளும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. தொழிலாலோ வேறு வகையிலோ உயிருக்கும் உடைமைக்கும் மெய்யான ஆபத்து இருக்கிறதா என்றுதான் அதிகாரி பார்ப்பார். “ஞாயிற்றுக்கிழமை மலைக்கு நடக்கப் போகிறேன்” என்பது அந்தக் கணக்கில் ஏறாது.

உரிமம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கடையில் என்ன இருக்கும்? படைகள் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்கும் கைத்துப்பாக்கி பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. வெளிநாட்டுத் துப்பாக்கியின் இறக்குமதி, பெயர்பெற்ற குறிசுடும் வீரர்களைத் தவிர மற்றவர்களுக்கு 1980களின் நடுவிலேயே மூடப்பட்டது. மிஞ்சுவது பெரும்பாலும் .32 விட்டம் கொண்ட உள்நாட்டுச் சரக்கு. கான்பூர் தொழிற்சாலைகளின் ரிவால்வர், இஷாப்பூரின் ‘அஷானி’ பிஸ்டல் ஆகியவை இந்த வகை. 2014 ஜனவரியில் பெண்களின் பாதுகாப்புக்கென்று சொல்லி வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவால்வரும் .32தான். அரைக் கிலோ எடை, அன்றைய விலை 1,22,360 ரூபாய். ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது என்று என் மருமகன் கேட்டதற்குச் சந்தையே விடை சொல்லிவிடுகிறது. தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை.

இனி அந்த .32 தோட்டாவின் வலிமையைப் பார்க்கலாம். ரிவால்வரில் போடும் தோட்டாவின் ஈயக் குண்டு ஆறு கிராமுக்குச் சற்று மேல் எடை. குழலைவிட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 150 முதல் 180 ஜூல். அமெரிக்காவில் கரடிக்கென்று எடுத்துப் போகும் .44 மேக்னத்தின் ஆற்றல் 1,300 ஜூல் அளவில் இருக்கும். ஆப்பிரிக்காவில் எருமை போன்ற பெருவிலங்குக்குக் குறைந்தபட்சம் என்று வேட்டைக்காரர்கள் கருதும் .375 ரைஃபிள் 5,500 ஜூலைத் தாண்டும். அதையும் தோளில் சாய்த்து, நின்று, குறிபார்த்துச் சுட வேண்டும். நம் காட்டுமாட்டின் கடா 600 கிலோவிலிருந்து 1,000 கிலோவரை வளரும். உலகின் மாட்டினங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. தோளுக்கு மேல் எழுந்து நிற்கும் திமில்முகடு முதுகெலும்பின்மேல் தடித்த தசை. நேராக வரும் மாட்டை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டுமானால் குண்டு மூளையையோ முதுகுத்தண்டையோ தொட வேண்டும். குனிந்த தலை, அசையும் கழுத்து, நடுங்கும் கை. .32 குண்டு அந்த மண்டையோட்டில் என்ன செய்யும் என்று நம்புவதற்கு ஒன்றுமில்லை.

அதைவிடக் கொடிய கணக்கு நேரத்தினுடையது. அமெரிக்கக் காவல் அதிகாரி டென்னிஸ் டுயெல்லர் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். 21 அடி தூரத்தில் நிற்கும் மனிதன் ஒன்றரை நொடியில் உங்கள்மேல் பாய்ந்துவிடுவான். பயிற்சி பெற்ற காவலர் துப்பாக்கியை உருவிச் சுடவே ஏறக்குறைய அதே நேரம் ஆகும். அங்கே ஓடி வந்தவன் இரண்டு கால் மனிதன். காட்டுமாடு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்தால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். சிறுமலையின் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே, உண்ணிச்செடி இருபுறமும் அடைத்துக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் 20 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. இரண்டு நொடி. நம் விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு முழுவதும் மறைத்தே எடுத்துப் போக வேண்டும். அந்த உறையைத் திறப்பதற்குள்ளேயே இரண்டு நொடியும் முடிந்துவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய ஆதாரத்தையும் தேடினேன். அலாஸ்காவில் கரடிகளோடு நேர்ந்த மோதல்களை டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் தொகுத்து 2012இல் வெளியிட்டார்கள். 1883 முதல் 2009 வரை துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 நிகழ்வுகள். கைத்துப்பாக்கி 84 சதவீதத்திலும் நீள்துப்பாக்கி 76 சதவீதத்திலும் கரடியின் தாக்குதலை நிறுத்தின. இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு கைத்துப்பாக்கிக்கு வாதாடுகிறவர்கள் உண்டு. அதே ஆய்வின் இன்னொரு முடிவை அவர்கள் சொல்வதில்லை. துப்பாக்கியை வைத்திருந்து சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம் படும் வாய்ப்பில் வேறுபாடு தெரியவில்லை. 2008இல் அதே ஆய்வாளர்கள் கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பானைப் பற்றி எழுதியிருந்தார்கள். 83 நிகழ்வுகளில் அதைக் கையில் வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். இவை அலாஸ்காக் கரடிகள் தொடர்பானவை. அவற்றைக் காட்டுமாட்டுக்கோ யானைக்கோ அப்படியே பொருத்திப் பேசமாட்டேன். ஆனால் பெருங்குண்டுத் துப்பாக்கிகளைத் தாராளமாக வாங்க முடிகிற, சுடுவதில் பழகிய மக்கள் வாழ்கிற ஒரு மாநிலத்திலேயே நிலைமை இதுதான் என்றால், .32 ரிவால்வரோடு சிறுமலைக்கு வரும் ஒருவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

நான் கவனமாக வாசகர்முன் வைக்க விரும்புவது சட்டத்தின் இன்னொரு மூலையை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அதன் 31ஆம் பிரிவின்படி, தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்தில் முன் அனுமதி தராமல் எவரும் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. ஆட்சியர் தந்த துப்பாக்கி உரிமம் அங்கே செல்லாது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். பழனி மலையின் கணிசமான பகுதி அதற்குள் அடங்கும். சமவெளிக்காரர்கள் இது மேல்மலைச் சங்கதி என்று ஒதுங்கவும் வழியில்லை. 2022 அக்டோபரில் இந்தியாவின் முதல் தேவாங்குச் சரணாலயமாகக் கடவூர் அறிவிக்கப்பட்டது. 11,806 ஹெக்டேர். கரூர் மாவட்டத்திலும், நம் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களிலும் அது பரந்து கிடக்கிறது. கைகளுக்குள் அடங்கும் ஒரு சிறு உயிருக்காக அங்கே துப்பாக்கி தடுக்கப்பட்டிருக்கிறது. இது எனக்கு நிறைவு தருகிறது.

உயிரைக் காத்துக்கொள்ள விலங்கைச் சுட்டால் குற்றமில்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். 11ஆம் பிரிவு, தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்வதையும் காயப்படுத்துவதையும் குற்றத்திலிருந்து விலக்குகிறது. ஆனால் அந்தப் பிரிவுக்கு ஒரு வால் உண்டு. தற்காப்பு தேவைப்பட்ட அந்த நேரத்தில் அந்த மனிதர் இந்தச் சட்டத்தின் எந்த விதியையாவது மீறிக்கொண்டிருந்தால் விலக்கு கிடையாது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அனுமதியின்றித் துப்பாக்கியோடு சரணாலயத்துக்குள் நுழைந்த நொடியிலேயே 31ஆம் பிரிவை மீறியாயிற்று. அதன்பின் மாடு உங்களைக் குத்த வந்து, நீங்கள் சுட்டு, அது செத்தாலும் தற்காப்பு என்ற வாதம் உங்கள் கையில் இல்லை. வெறுங்கையோடு போய், கிடைத்த கல்லாலும் கட்டையாலும் போராடியவருக்குச் சட்டம் துணை நிற்கும். துப்பாக்கியோடு போனவரைக் கைவிட்டுவிடும். காட்டுமாடு முதல் அட்டவணை விலங்கு. அதை வேட்டையாடினால் சிறை 3 ஆண்டுக்குக் குறையாது, 7 ஆண்டுவரை போகும். துப்பாக்கி விற்பவர்களும் மலையேற்றக் குழுக்களும் இந்த இரண்டு பிரிவுகளையும் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் நல்லது.

சிறுமலை சரணாலயம் அல்ல, காப்புக்காடு. அங்கே 31ஆம் பிரிவு வராது. ஆனால் அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவதே 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவரைக் காட்டுக்குள் பார்க்கும் வனக்காப்பாளர் அவரை நடைப்பயிற்சிக்கு வந்தவர் என்று நினைக்கமாட்டார், வேட்டைக்கு வந்தவர் என்றே நினைப்பார். அப்படி நினைக்க அவருக்குக் காரணமும் இருக்கிறது.

அந்தக் காரணத்தின் பெயர் நாட்டுத் துப்பாக்கி. நம் மலையடிவாரங்களில் மெய்யாகவே புழங்குகிற துப்பாக்கி அதுதான், உறையில் போட்ட ரிவால்வர் அல்ல. ஒற்றைக் குழல். வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியையோ நாரையோ திணித்துக் கம்பியால் இடித்து, மேலே ஈயக் குண்டோ சைக்கிள் பால்ரஸோ போட்டு, கேப் வைத்துச் சுடுவது. ஒருமுறை சுட்டால் மறுபடி கெட்டிக்க நிமிடக்கணக்கில் ஆகும். சட்டம் பயிர்க் காவலுக்கென்று இளகிப் பேசிய துப்பாக்கியின் கள்ளப் பிள்ளை இது. காட்டுப்பன்னி நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் ஓர் இரவில் உழுது போட்டுவிட்டால் அந்த ஆண்டு உழைப்பே போயிற்று. அந்த வேதனையை நான் சிறிதாக எண்ணவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. அங்கேயும் சுடுவது வனத்துறையின் கைதான். குழல் வெடித்து விரலை இழந்தவர்களும், இருட்டில் முயல் என்று எண்ணித் தன் கூட்டாளியையே சுட்டவர்களும் நாட்டுத் துப்பாக்கியின் கதையில் உண்டு. உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டுக்குக் குறையாத சிறை. மலை மாவட்டங்களில் காவல் துறை அவ்வப்போது, தாமாக முன்வந்து ஒப்படைப்பவர்மேல் வழக்கில்லை என்று அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு காதில் விழும் நாளில் பரணிலிருந்து அதை எடுத்துப் போய்க் கொடுத்துவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

இன்னொன்றும் உண்டு, குண்டுபட்டுச் சாகாத விலங்கு. அவசரத்தில் சுட்ட .32 குண்டு மாட்டின் தோளிலோ வயிற்றிலோ தங்கிவிடும். சுட்டவர் தப்பித்து வண்டியேறிவிடலாம். சீழ் பிடித்த காயத்தோடு அந்த மாடு அதே சரிவில் மாதக்கணக்கில் திரியும். அதன் எதிரே வரப்போவது தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண், விறகுக்குப் போகும் கிழவி, சிறுமலையில் குதிரைமேல் வாழைத்தார் ஏற்றி வரும் ஆள். ஒருவருடைய தற்காப்புக்கு இன்னொருவர் விலை கொடுக்க நேரும். துப்பாக்கி வேண்டாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மலையில் உண்மையாகவே ஆளைக் கொல்வது எது என்று பார்த்தால் துப்பாக்கி இன்னும் பயனற்றுப் போகிறது. பக்கத்துத் தேனி மாவட்டத்தில் 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். தமிழகத்தின் மலையேற்ற வரலாற்றில் அதற்கு இணையான துயரம் இல்லை. கோடையில் காய்ந்த புல்சரிவு, காற்று, தப்பும் வழி தெரியாமை, இவைதான் அங்கே எமன். பாம்பின் கணக்கு இன்னும் பெரிது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், இறந்ததாக 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வேடசந்தூர்ப் பக்கம் சோளத்தட்டைக்குள் கிடக்கும் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் கைவிளக்கும், கணுக்காலை மூடும் காலணியும், அடுத்த அடியைப் பார்த்து வைப்பதும்தான் மறுமொழி. கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல், 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாறைக்குன்றுகளில் ஏறுகிறவர்கள் மலைத்தேனீக்கும் அஞ்ச வேண்டும். பாறையிடுக்கில் தொங்கும் அடைக்குக் கீழே புகைபிடித்தாலோ கூச்சலிட்டாலோ என்ன நடக்கும் என்பதைக் கோயில் குன்றுகளுக்குப் போய்வரும் ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

பழனி மலையின் பளியர்களைப் பற்றி டாமென் என்ற ஐரோப்பியப் பாதிரியார் 1908இலேயே எழுதினார். 1960களில் வந்து அவர்களோடு தங்கிய அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், மோதல் வரும்போல் தெரிந்தால் விலகிப் போவதை ஒரு வாழ்முறையாகவே வைத்திருக்கும் மக்கள் என்று அவர்களை விவரித்தார். அவர் எழுதியது மனிதருக்குள் வரும் சச்சரவைப் பற்றி. எனக்கு அது காட்டு நடைக்கும் பொருந்துவதாகப் படுகிறது. கிழங்கு தோண்டும் குச்சியும் தேனெடுக்கும் கொடியுமாக யானையும் மாடும் கரடியும் உலவும் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்தவர்கள் அவர்கள். அவர்களைக் காத்தது காதும் மூக்கும் விலகிப் போகும் மனமும்.

வெள்ளகவி இன்னொரு சாட்சி. கொடைக்கானலின் வட்டக்கானலுக்குக் கீழே, சாலையே இல்லாத ஊர். ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. உப்பு முதல் சிமெண்ட் வரை ஆளும் குதிரையும் சுமந்துதான் போக வேண்டும். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருவார்கள். அந்த வட்டக்கானல்–வெள்ளகவிப் பாதை 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழிகளில் ஒன்று. நகரத்திலிருந்து வருகிறவர்கள் வனத்துறையிடம் பதிவுசெய்து, வழிகாட்டியோடு இறங்குகிறார்கள். வழிகாட்டிகள் அந்த மலையின் பிள்ளைகள். அவர்கள் கையிலும் துப்பாக்கி இல்லை.

மலைக்காரர்களிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டவை சிறு சிறு செய்திகள். ஒத்தை மாடு கூட்டத்து மாட்டைவிட ஆபத்து. பக்கவாட்டில் திரும்பி உடம்பைப் பெரிதாகக் காட்டினால் அது எச்சரிக்கை. பெருமூச்சு விட்டுச் சீறினாலும் அப்படியே. அந்த நேரத்தில் முதுகைக் காட்டி ஓடாமல் மெல்லப் பின்வாங்கி மரத்துக்கு மறைவாகப் போக வேண்டும். வளைவுக்கு முன்பே பேசிக்கொண்டோ கம்பால் தரையைத் தட்டிக்கொண்டோ போனால் மாடு தானே விலகும். திடுக்கிட்ட மாடுதான் குத்துகிறது. யானை இருக்கும் பக்கத்தில் சத்தம் போடுவதைவிடக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஒதுங்குவது மேல். புதிய யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் வரக் கூடாது. விலங்கிடம் அடிபட்ட நாய் ஓடி வந்து எசமானின் காலடியில்தான் ஒளியும், துரத்தி வந்ததும் அங்கேயே வந்து நிற்கும். தண்ணீருக்கு விலங்கு வரும் காலையும் மாலையும் மனிதனுக்கு உரிய நேரம் அல்ல. இவற்றில் எதுவும் துப்பாக்கிக் கடையில் விற்பதில்லை.

மருமகனிடம் சட்டப் பிரிவுகளையும் தோட்டாக் கணக்கையும் சொன்னேன். அவன் வாதாடினான், பிறகு 11ஆம் பிரிவை மட்டும் இரண்டுமுறை படித்துக் காட்டச் சொன்னான். உரிமத்துக்கு அவன் மனுப் போடவில்லை. இப்போது மூங்கில் கம்பும் நல்ல டார்ச்சும் வைத்திருக்கிறான். தனியாகப் போவதில்லை.

தொழிலுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ ஏற்கெனவே உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ கடவூர்க் காட்டுக்கோ நடக்கப் புறப்படும் நாளில், தோட்டாவை எடுத்துவிட்டு, அதை வீட்டு அலமாரியில் நல்ல திண்டுக்கல் பூட்டாகப் போட்டுப் பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று வனச்சரக அலுவலகத்திலும் வீட்டிலும் சொல்லிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.